அனுபவம் என்னும் இடம்

என் தமக்கையார் இவ்வாண்டு வணிகவியலிற் பட்டம் பெற்றார். ஆம்பூர்ப் பக்கத்தே காலணி செய்து அயல்நாடுகளுக்கு அனுப்பும் தொழிற்சாலை யொன்றில் கணக்கெழுத ஆள் வேண்டுமெனக் கேள்வியுற்று, பாகாயத்திலுள்ள எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தன்விவரக் குறிப்பு எழுதலானார். பெயரும் படிப்பும் கால் நாழிகையில் முடிந்தன. ‘அனுபவம்’ என்னும் இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

“தம்பி, தமிழ் படிக்கிறவனாயிற்றே நீ. இங்கே போட ஏதேனும் எழுதிக் கொடேன்” என்றார்.

யானும் உவகையோடு, ‘அயரா உழைப்பும் தலைமைப் பண்பும் ஒருங்கே வாய்ந்த’ என்று அடைமொழிகளை அடுக்கினேன். அக்காள் நகைத்து, “ஆண்டு விழாத் தலைவருக்கு வாசிக்கும் வரவேற்பிதழ் போலிருக்கிறதே!” என்று அடித்துவிட்டார். நாணினேன்.

அப்பொழுதுதான் கணித மேதை இராமானுஜன் 1912ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு எழுதிய விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. மெட்ரிகுலேஷன் தேறியது, எப். ஏ. வரை பயின்றது, இடையூறுகளால் மேற்கொண்டு பயில இயலாமற்போனது, அதன்பின் தம் பொழுதையெல்லாம் கணிதத்திற்கே செலவிட்டது, இவ்வளவே அதன் சாரம். தேர்வில் தவறியதை அவர் விரித்துரைக்கவில்லை. வாராத பட்டத்தை வந்ததாகவும் கூறவில்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் நற்சான்று தந்தார். மார்ச்சு முதல் நாள், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிட்டிற்று. மறு ஆண்டு சனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு மடல் வரைந்தபோதோ, அந்த எழுத்தர் வேலையையே முதல் வரியிற் கூறித் தம்மை அறிமுகஞ் செய்துகொண்டார். (அம்மடலில் தம் வயது ஏறக்குறைய 23 என்றார், உண்மையில் 25 நிறைந்திருந்தது. இதனை அக்காளுக்கு யான் சொல்லவில்லை.)

“பொழுதையெல்லாம் எதற்குச் செலவிட்டாய், அக்கா?” என்றேன்.

“அத்தை வீட்டு நோட்டுக்குத்தான்” என்றார் விளையாட்டாக.

ஆம்பூர்ப் பக்கத்திலே எம் அத்தையும் அண்டை வீட்டுப் பெண்டிரும் காலணியின் ‘அப்பர்’ தைத்துத் தருபவர்கள். அப்பர் என்றவுடன் திருநாவுக்கரசரை எண்ணற்க. அது காலணியின் மேற்பாகத் தோலுக்குத் தொழிலாளர் வழங்கும் பெயர். தரகர் கொணரும் தோலை ஊசியும் நூலுங்கொண்டு கையாலே தைத்து, இணைக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பெறுவர். விடுமுறைதோறும் அங்குச் சென்ற அக்காள் எட்டுப் பேர் கணக்கை மூன்றாண்டு எழுதி வந்தார். ஒருமுறை தரகரின் கணக்கில் 46 இணை குறைந்திருந்ததை அந்நோட்டைக் காட்டியே மீட்டார். அன்று அத்தை அழுததை யான் கண்டேன்.

“சம்பளம் வாங்காததை வேலையென்று எழுதலாமா?” என்று அக்காள் தயங்கினார். சம்பளமின்றி என்பதையும் சேர்த்தே எழுதுமாறு கூறினேன். இரண்டு வரியில் எழுதினார், அடைமொழி ஒன்றுமில்லை.

நற்சான்று கூறுவோர் இருவரில் ஒருவர் கல்லூரி ஆசிரியர். மற்றவர் அத்தை. தொலைபேசியிற் கேட்டபோது, “எனக்கு இங்கிலீசு வராதே, தொழிற்சாலைக்காரர் கூப்பிட்டால் என்ன சொல்ல?” என்று அஞ்சினார்.

“நோட்டைப் பற்றிச் சொல்லுங்கள், அத்தை” என்றார் அக்காள்.

திங்கட்கிழமை குறிப்பை அனுப்பினோம். அத்தை அன்றுமுதல் தொலைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு தைக்கிறாராம்.