குலுக்கலில் விழுந்த ஏரிக்கரை

பிப்ரவரி 16

என்சான்ட்மென்ட்ஸ் குலுக்கல் திறந்துவிட்டது. மார்ச் 1 வரை நேரம் இருக்கிறது. இரவு சாப்பாடு முடிந்ததும் வரைபடத்தை மேசையில் விரித்து உட்கார்ந்தோம்: நான், மனைவி, என்னோடு வேலை செய்யும் நண்பர், போன வருடம் சியாட்டிலுக்கு வந்து சேர்ந்த அவருடைய தம்பி.

சியாட்டிலிலிருந்து காஸ்கேட் மலைத்தொடரைக் கடந்து கிழக்கே இறங்கினால் லெவன்வொர்த் என்ற சிற்றூர். அதற்கு மேலே, 7,000 அடி உயரத்தில், வெறும் கருங்கல் பாறைகளுக்கு இடையே அடுக்கடுக்காக ஏரிகள்; அதுதான் என்சான்ட்மென்ட்ஸ். மே 15 முதல் அக்டோபர் 31 வரை அங்கே ஓர் இரவு தங்க வேண்டுமென்றாலும் அனுமதிச்சீட்டு வேண்டும்; அதற்குத்தான் இந்தக் குலுக்கல். தங்கும் இடத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: கோர், ஸ்னோ, கோல்சக், ஸ்டுவர்ட், எய்ட்மைல்–கரோலைன். ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரே விண்ணப்பம். அதில் மூன்று விருப்பங்கள் எழுதலாம். கட்டணம் 6 டாலர். சீட்டு விழாவிட்டால் அது திரும்ப வராது.

"கோர் தவிர வேற எதுக்குண்ணா போடணும்? மூணையும் கோர்னே போடுங்க" என்றான் தம்பி. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பல்லாயிரம் பேர் கேட்பது அந்த ஒரு பகுதியைத்தான். முதல் இரண்டு விருப்பங்களை அவன் சொன்னபடி கோருக்கு எழுதிவிட்டு, மூன்றாவதாக ஸ்னோ பகுதியை எழுதினேன். செப்டம்பர் கடைசி வாரம், திங்கள் முதல் வியாழன் வரை. வார இறுதியைத் தவிர்த்தது தெரிந்தேதான். விடுப்பு எடுக்க முடிகிறவர்கள் வார நாட்களைக் கேட்டால் சனி, ஞாயிறை விட்டால் வேறு நாள் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

மார்ச் 17

ஸ்னோ கிடைத்திருக்கிறது. மனைவி சத்தமாகவே கத்திவிட்டாள். தம்பியின் முகம்தான் கொஞ்சம் வாடியது. அவனுக்கு வரைபடத்தைக் காட்டி விளக்கினேன். ஸ்னோ ஏரிகளிலிருந்து கோரின் கீழ்முனையான விவியன் ஏரிக்கு 1,400 அடி ஏற்றம். கூடாரத்தை ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டு, தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு விடிகாலையில் ஏறினால் லெப்ரகான், பெர்ஃபெக்‌ஷன், இன்ஸ்பிரேஷன் ஏரிகள் வரை பார்த்துவிட்டு இருட்டுமுன் திரும்பலாம். பகலில் நடக்கக் குலுக்கல் கிடையாது. மேலே தூங்கத்தான் நமக்கு உரிமையில்லை, பார்க்க உண்டு.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் கட்டியாயிற்று.

ஏப்ரல் 6

தம்பி இன்று மறுபடியும் ஆரம்பித்தான். "காடு எல்லாருக்கும் பொதுதானேண்ணா? குலுக்கல் போட்டு ஆளை உள்ள விடுறது என்ன நியாயம்?"

கேட்க வேண்டிய கேள்விதான். பொது என்பதால்தான் இந்தக் குலுக்கலே. ஏலம் விட்டிருந்தால் பணக்காரன் மட்டும் போவான். வரிசை என்றால் பக்கத்தில் இருப்பவனும் வேலை இல்லாதவனும் போவார்கள். குலுக்கலில் ஆளுக்கு ஒரு பெயர், ஒரு சீட்டு. இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

அளவு ஏன் வேண்டும் என்பதற்குப் பதில் அந்த மண்ணில் இருக்கிறது. பனிப்பாறைகள் மண்ணையெல்லாம் வழித்துக்கொண்டு போன நிலம் அது. பாறை இடுக்குகளில் விரலளவு மண். அதில் தரையோடு படர்ந்த ஹெதர் செடி. வருடத்தில் சில வாரங்கள்தான் அங்கே வளர்ச்சிக் காலம், மீதிக் காலம் பனிக்கு அடியில். ஒரு கூடாரத்தை நான்கு இரவு அதன் மேல் விரித்தால் போதும், அந்த இடம் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு இரவும் நூறு கூடாரங்கள் என்றால் ஒரு தலைமுறைக்குள் வெறும் புழுதிதான் மிஞ்சும். நெருப்பு மூட்டவும் அங்கே தடை. மர எல்லையில் நிற்கும் லார்ச் மரம் மிக மெதுவாக வளர்வது; அதன் கீழே கிடக்கும் காய்ந்த கிளைதான் அடுத்த பிடி மண். ஒரே மாலையில் அதை எரித்துவிடலாம், திரும்ப உண்டாக்க முடியாது.

அமெரிக்க நாடாளுமன்றம் 1964-இல் வனாந்தரச் சட்டத்தை இயற்றியது. இந்த ஏரிகளை உள்ளடக்கிய ஆல்பைன் லேக்ஸ் பகுதி 1976-இல் அந்தப் பாதுகாப்புக்குள் வந்தது. ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கர், 700-க்கும் மேற்பட்ட ஏரிகளும் குட்டைகளும். இவ்வளவு பெரிய நிலத்தில் எல்லாரும் போக விரும்பும் மூலை ஒன்றுதான். அங்கேதான் குலுக்கல்.

என் மனக்குறை வேறு. இரவில் தங்குவோர் எண்ணிக்கைக்கு இத்தனை கட்டுப்பாடு வைத்தவர்கள் பகலில் வருவோர் எண்ணிக்கைக்கு அளவு எதுவும் வைக்கவில்லை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை 18 மைலுக்கும் மேற்பட்ட பாதையை ஒரே நாளில் ஓடிக் கடக்கும் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. அவர்களின் காலும் அதே ஹெதரின் மேல்தான் படுகிறது. இன்று இல்லாவிட்டாலும் ஒருநாள் பகலுக்கும் ஓர் அளவு வரத்தான் வேண்டும். அன்று எனக்கே இடம் கிடைக்காமல் போனாலும் சரி.

மே 22

வழி முடிவாகிவிட்டது. ஸ்னோ லேக்ஸ் பாதை 1,300 அடியில் தொடங்குகிறது. ஏரிகள் இருப்பது 5,400 அடியில். ஏழு மைலுக்குள் 4,100 அடி. முதல் பகுதி 1994-இல் பெருந்தீ எரித்துவிட்டுப் போன சரிவு, நிழல் கிடையாது. அதனால் விடியும்போதே நடக்கத் தொடங்கிவிட வேண்டும்.

வரைபடத்தில் மேல் ஸ்னோ ஏரிக்கும் கீழ் ஸ்னோ ஏரிக்கும் நடுவே ஒரு சிறு தடுப்பணை. கொலம்பியா ஆற்றில் கிராண்ட் கூலி அணை கட்டியபோது மீன்கள் ஏறிவர வழி வைக்கவில்லை. சால்மன் மீன்கள் தங்கள் பிறப்பிடத்துக்குத் திரும்ப முடியாமல் போயிற்று. அதற்கு ஈடாக லெவன்வொர்த்தில் மீன் பொரிப்பகம் ஒன்றை அரசு அமைத்தது. கோடையில் அந்தக் குஞ்சுகளுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். அதற்காகப் பாறையைக் குடைந்து, மேல் ஸ்னோ ஏரியின் நீரைக் கீழேயுள்ள நாடா ஏரிக்கு இறக்கி, ஓடை வழியாக ஐசிகிள் ஆற்றில் சேர்க்கிறார்கள். அதனால் செப்டம்பரில் மேல் ஏரியின் கரை வெகுதூரம் வற்றிக் கிடக்கும். படம் பார்த்து ஏமாந்தவர்கள் அதை அழகில்லை என்கிறார்கள். கீழே ஓர் ஆற்றில் மீன் உயிரோடிருக்க இந்த ஏரி தன் நீரைக் கொடுக்கிறது. அந்த வற்றிய கரையில் கூடாரம் போடுவதில் எனக்குப் பெருமைதான்.

ஜூலை 13

சாப்பாடு. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் அந்த உயரத்தில் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் வேக வெகுநேரம் ஆகும், எரிவாயுதான் தீரும். எனவே அவல், வறுத்த ரவை, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி. அவலுக்குக் கொதிநீர் ஊற்றி மூடிவைத்தால் போதும். ரவையை நெய்யில் வறுத்து, கடுகு தாளித்து, உப்பும் பெருங்காயமும் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டிவிட்டாள் மனைவி. நடையில் கொறிக்கக் கடலைமிட்டாய். இந்த ஊர்க் கடைகளில் விற்கும் உலர் உணவுப் பைகளைவிட எடையும் விலையும் குறைவு, வயிற்றுக்கும் பழக்கம்.

எல்லாம் கரடி திறக்க முடியாத கெட்டி டப்பாவுக்குள் அடங்க வேண்டும். டப்பா மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல்.

ஆகஸ்ட் 24

முழுச் சுமையோடு மவுன்ட் சை ஏறி இறங்கினோம். தம்பியின் முழங்கால் தாங்குகிறது, சந்தேகம் தீர்ந்தது.

மலையாடுகளைப் பற்றி அவனிடம் இன்று கண்டிப்பாகச் சொன்னேன். அவை உப்புக்கு ஏங்கும் விலங்குகள். வியர்வை பட்ட சட்டை, கைத்தடியின் பிடி, மனிதச் சிறுநீர் எல்லாமே அவற்றுக்கு உப்புதான். செடிமேல் சிறுநீர் கழித்தால் ஆடு அந்தச் செடியைத் தோண்டி எடுத்துவிடும். ஆகவே வெறும் பாறைமேல், முகாமுக்குத் தள்ளி. 2010-இல் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் ஓர் ஆடு முட்டி ஒருவர் இறந்தார். அந்தப் பூங்காவின் ஆடுகள் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 2018 முதல் 2020 வரை ஹெலிகாப்டர் உதவியோடு அவற்றில் பலவற்றைப் பிடித்துவந்து காஸ்கேட் மலைகளில் விட்டார்கள். காஸ்கேட் அவற்றின் சொந்த மண். நாம்தான் விருந்தாளி, ஐம்பது கஜம் தள்ளி நிற்பது மரியாதை.

செப்டம்பர் 14

காட்டுத்தீப் புகை பத்து நாளாகப் பள்ளத்தாக்கை மூடியிருந்தது, நேற்று மழை பெய்து வெளுத்தது. தீ நெருங்கினால் பாதையை மூடிவிடுவார்கள். அனுமதி இருந்தாலும் வீடு திரும்ப வேண்டியதுதான். அதற்கும் மனதைத் தயார் செய்தாயிற்று.

செப்டம்பர் 21

லார்ச் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது என்று செய்தி. ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் மரம் அது; பொன்னாகி, சில வாரங்களில் மொட்டையாகிவிடும்.

இரவில் உறைநிலைக்குக் கீழே போகலாம் என்கிறது வானிலை அறிக்கை. தண்ணீர் வடிகட்டியை உறங்குபைக்குள் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் அதன் நுண்குழல்கள் வெடித்துவிடும். பார்வைக்குத் தெரியாது, கிருமியைத் தடுக்காது. பருத்தி உடை ஒன்றுகூட வேண்டாம். விவியன் ஏரிக்குக் கீழே வழுக்குப் பாறையில் காலூன்ற இரும்புக் கம்பி அடித்திருக்கிறார்கள். அதிகாலையில் பனி படிந்திருந்தால் வெயில் வரும்வரை காத்திருப்போம்.

மாலையில் தெரிந்தவர் ஒருவரின் தொலைபேசி. நாங்கள் போகும் அதே வாரத்துக்கு அவருக்குக் கோர் பகுதியே கிடைத்திருந்ததாம். வேலை நெருக்கடி, போகவில்லை. "ரத்து பண்ணிட்டீங்களா?" என்றேன். "கட்டுன காசு கொஞ்சம்தானே, விட்டுட்டேன்" என்றார். அவருக்காக ஒதுக்கிய தரை அந்த வாரம் சும்மா கிடக்கும். ஆசையோடு விண்ணப்பித்த யாரோ ஒரு குடும்பம் வீட்டில் இருக்கும். உடனே ரத்து செய்யச் சொன்னேன். செய்துவிட்டார்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இப்படி ஒரு சீட்டு விழுந்தால், அங்கேயோ வேறெந்த மலையிலோ, போக முடியாது என்று தெரிந்த அன்றே அதை ரத்து செய்துவிடுங்கள். ரத்தான சீட்டு பொதுப் பட்டியலுக்குத் திரும்பும். காத்திருக்கும் ஒருவர் எடுத்துக்கொள்வார்.