புந்தோங்கில் ஒரு கார்க் கதவு

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஈப்போ, புந்தோங் கச்சாங் பூத்தே கடைகளுக்குப் போனால் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. முறுக்கு, ஓமப்பொடி, பட்டாணி, வறுத்த கடலை என்று பை பையாகத் தொங்கும். ஒரு காலத்தில் தலையில் தட்டு வைத்தும் சைக்கிளிலும் ஊரெல்லாம் கடலை விற்றவர்களின் வாரிசுகள் நடத்தும் கடைகள் இவை. மணம் இழுக்கும். சடக்கோ குறுகல்.

போன வருடம் அப்படிச் சுற்றிச் சுற்றி வந்தபோது ஓர் இடம் காலியானது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவசரமாக ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, வலது கையால் கதவைத் தள்ளினேன். 'டொம்' என்று ஒரு சத்தம்.

கப்சாய் மோட்டாரில் வந்த ஒரு பெரியவர். ஹேண்டில் முனையில் கதவு பட்டு, மோட்டார் வலப்பக்கம் திரும்பி நடுச் சடக்கில் சாய்ந்துவிட்டது. பின்னால் வந்த லோரி நின்றது. நிற்காமல் இருந்திருந்தால்? அதற்கு மேல் இன்றுவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முழங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் வீக்கம். கிளினிக்கில் காத்திருந்தபோது, "ஏம்மா, கண்ணாடி என்ன மொகம் பாக்கவா வச்சிருக்கு?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நம்மவர்கள் எல்லாரும் கேட்கும் அந்தக் கேள்வி வந்தது: "எந்தத் தோட்டம்?" சுங்கை சிப்புட் பக்கம் என்றேன். அவரும் அந்தப் பக்கம் பால்மரம் வெட்டியவர்தான். "அதான். இது தோட்டத்துச் சடக்கு இல்லம்மா" என்றார்.

யோசித்தால் அவர் சொன்னது சரி. ரப்பர் போய் செம்பனை வந்த பிறகும் எங்கள் லயத்துக்குப் போகும் செம்மண் சடக்கில் ஒரு கார் வந்தால் புழுதியை வைத்தே தூரத்தில் தெரிந்துவிடும். லோரியிலிருந்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் குதிப்போம். இறங்குவதற்கு முன் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு வரவே இல்லை. பிறகு லைசென்ஸ் எடுத்தபோதும் மேடு ஏறுவது, பார்க்கிங் போடுவது என்று எல்லாம் மனப்பாடமாகப் படித்தேன். காரிலிருந்து இறங்குவது மட்டும் தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கிறது. ஏறக்குறைய மூன்று மைவி நீளம். கதவு திறப்பதைக் கண்டு பிரேக்கைத் தொடுவதற்குள் அந்தத் தூரம் முடிந்துவிடும். ஈப்போ பழைய நகரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒருவழித் தெருவின் வலது ஓரத்தில் நிறுத்தினால் ஓட்டுநர் நடைபாதைப் பக்கம் இறங்குவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கதவுதான் போக்குவரத்துக்குள் திறக்கும். சேலை கட்டியவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுவார்கள். அதுவரை கதவு விரியத் திறந்தே நிற்கும். இரயில் நிலையத்தின் முன்னால் நெரிசலில் யாரையாவது இறக்கிவிடும்போது இடப்பக்கமும் பத்திரமில்லை. நின்ற காருக்கும் ஓரத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில்தான் கப்சாய் நுழையும்.

நெதர்லாந்துக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கதவுக்குப் பக்கத்துக் கையால் அல்ல, தூரத்துக் கையால் திறப்பார்கள். நம் ஊர்க் காரில் ஓட்டுநர் இடது கையை நீட்டி வலது கதவைத் திறக்க வேண்டும். செய்து பாருங்கள்: உடம்பு தானாகத் திரும்பும், கண் கண்ணாடியைத் தாண்டித் தோளுக்குப் பின்னால் போகும். கண்ணாடியில் தெரியாத மோட்டார் அங்கேதான் இருக்கும். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் பிரிட்டன், 2022 ஜனவரியில் தன் சாலை விதிநூலில் இதைச் சேர்த்தது. முதலில் ஒரு கை அகலம் மட்டும் திறந்து, பார்த்து, பிறகு இறங்குவது இன்னும் நல்லது. இறங்கியதும் காரின் பின்பக்கமாக நடந்தால் எதிரே வருவது தெரியும்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லி முடியாது, ஐஸ் கச்சாங் கண்ணில் பட்டால் போதும். பின்கதவின் விளிம்பில் உள்ள சின்ன நெம்பைத் தள்ளிவிட்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. பலர் கார் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை.

எனக்கே பழக்கம் வர இரண்டு மாதம் ஆனது. முதலில் சீட் பெல்ட்டில் இடது கை சிக்கிக்கொண்டு, பக்கத்துக் காரில் இருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவரின் வீட்டுக்கு இரண்டு முறை போய்வந்தேன். மணிக்கட்டு சரியாகிவிட்டது, மோட்டார்தான் முன்போல் ஓடவில்லை என்றார்.

இந்த வருடமும் அதே கடை, அதே நெரிசல். பக்கத்து சீட்டில் அம்மா. கடைக்கு எதிரே ஓரங்கட்டியதும் அவர் இடது கை பழக்கதோஷத்தில் கைப்பிடிக்குப் போனது.

"அம்மா, அந்தக் கை."

"கடலை வாங்கறதுக்குள்ள ஆயிரம் சட்டம்" என்று முணுமுணுத்தபடி வலது கையை நீட்டித் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். ஓரத்து இடுக்கில் ஒரு கப்சாய், பின்சீட்டில் முறுக்கு டின்னைக் கட்டிக்கொண்டு, கதவை உரசாத குறையாகப் போனது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை பின்னால் பார்த்துவிட்டு இறங்கினார்.