ஜமீன்தார் சிவலிங்கத்தின் இரண்டு பெண்கள்

சிவாஜி கணேசனும் இயக்குநர் பீம்சிங்கும் சேர்ந்து அளித்த படங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் உணவுக் கடைகளிலும் சரி, கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் துணிக்கடை வாசல்களிலும் சரி, 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' என்று 1961ஆம் ஆண்டு ஒன்றிலேயே வெளிவந்த மூன்றின் பெயர்கள்தாம் முதலில் எழுகின்றன. அதே கூட்டணி 1963 ஜூலையில் தந்த 'பார் மகளே பார்' என்னும் படத்தையோ, அதன் பாட்டுகளை வானொலியில் கேட்டு உருகுகிறவர்கள்கூடக் கதையாக நினைவில் வைத்திருப்பதில்லை. இந்த மறதி எனக்கு நெடுங்காலமாக வருத்தம் தருவது. செல்வமும் குலமும் மனிதனை எவ்வளவு தூரம் குருடாக்கும் என்பதை அதைப்போல் நேராகச் சொன்ன தமிழ்ப்படங்கள் மிகச் சிலவே.

பட்டு எழுதிய மேடை நாடகத்தைத் தழுவிய கதை. ஜமீன்தார் சிவலிங்கத்தின் மனைவி லட்சுமிக்கு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறக்கிறது. அதே வேளையில் அங்கே நாட்டியமாடிப் பிழைக்கும் ஒருத்திக்கும் பெண்ணே பிறக்கிறது. எது எவருடையது என்று தெரியாதபடி குழந்தைகள் இரண்டும் கலந்துவிட, அந்த நாட்டியக்காரியும் மறைந்துவிடுகிறாள். சௌகார் ஜானகி ஏற்ற அந்த லட்சுமி, கணவரிடம் ஒன்றும் சொல்லாமல், இருவரையும் இரட்டைப் பிள்ளைகளென்றே வளர்க்கிறாள். ஆண்டுகள் கழிந்து, செல்வம் இழந்து நொடித்துப்போன தம் நண்பரை அவமதித்து, அவர் மகனுக்குப் பேசிய சம்பந்தத்தைச் சிவலிங்கம் முறிக்கும்போது, வி.கே. ராமசாமி நடித்த அந்த நண்பர், மனம் புண்பட்ட ஆத்திரத்தில், இரண்டு பெண்களில் ஒருத்தி உம்முடையவள் அல்லள் என்ற ரகசியத்தை உடைத்துவிடுகிறார்.

குழந்தைகள் மாறிப்போகும் ஏற்பாடு செயற்கையானது என்பாருண்டு, வாஸ்தவந்தான். ஆனால் அந்தச் செயற்கையான வாயில் வழியாகப் படம் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் மிகவும் உண்மையானது. நேற்றுவரை இருவரையும் ஒரே பார்வையால் பார்த்த தந்தை, இன்று ஒவ்வொரு முகத்திலும் தம் வம்சத்தின் சாயலைத் தேடுகிறார். தேடத் தேட இரண்டு மகள்களும் அவருக்கு அந்நியராகிறார்கள். ஒருத்தி வீட்டை விட்டுப் போனபின், பெற்றவர் என்று நம்பியவரும் காதலித்தவனும் அவளையே நினைத்து அழும் பாட்டை, டி.எம். சௌந்தரராஜனும் பி.பி. ஸ்ரீனிவாஸும் இணைந்து பாடியிருக்கிறார்கள். கண்ணதாசனின் சொல்லும் விசுவநாதன் ராமமூர்த்தியின் இசையும் சேர்ந்த அந்த இடத்தில், குலப்பெருமை பேசிய குரலும் காதல் பேசிய குரலும் ஒரே துக்கத்துக்குள் சமமாகி நிற்பதைக் கேட்கலாம்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஜமீன்தாரி முறை ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆகவே 1963இல் திரைக்கு வந்த சிவலிங்கம், வேர் அறுபட்டும் இலை வாடாத மரம்போல், பழைய கௌரவத்தின் மிச்சத்தில் நிற்கிறவர். ஹாலிவுட்டில் கிங் விடோர் 1937இல் எடுத்த 'ஸ்டெல்லா டல்லஸ்' படத்தில், உயர்குடி வாழ்வுக்கு ஆசைப்பட்ட எளிய தாயொருத்தி, மகள் அந்த வாழ்வை அடைவதற்காகத் தன்னையே விலக்கிக்கொண்டு, அவள் கல்யாணத்தை வீதியில் மழையில் நின்று ஜன்னல் வழியே காண்கிறாள். அங்கே தாழ்ந்தவள் ஒதுங்கிக் கொடுக்கிறாள். நம் படத்திலோ உயர்ந்தவர் இறங்கி வரவேண்டியிருக்கிறது. அதனாலேயே நம் படத்தை மேலானதாக நான் கருதுகிறேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜமீன்தார் எவரும் இருந்ததில்லை. ஆயினும் மேட்டில் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணி வீடு, அதற்கும் கீழே தொழிலாளர் லயம் என்று ரப்பர் தோட்டத்தின் நிலமே படிப்படியாக மனிதரைப் பிரித்து வைத்திருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாக்களின் குடியிருப்புக்கும் தோட்டத்து லயத்துக்கும் இடையே இருந்த தூரம், மைல் கணக்கால் அளக்கக்கூடியதன்று. கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மா, திடலில் திரை கட்டிக் காட்டிய இந்தப் படத்தைப் பார்த்தவர். இருட்டோடு வேலைக்குப் போகும் தாய்மார் தம் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகையில் எல்லாக் குழந்தைகளும் ஒரே ஆயாவின் கையால்தானே சோறு தின்றன, லட்சுமியம்மாள் செய்ததில் அதிசயம் என்ன என்று அவர் கேட்பார். ரசனை நூல்கள் பலவற்றைப் படித்தபின்னும் அதைவிடச் சிறந்த விமர்சனத்தை நான் கண்டதில்லை.

அந்தக் காலம் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் வீடும் வேலையும் இழந்து நின்ற காலமுமாகும். அவர்களுடைய சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் சம்பந்தன். பிரிக்பீல்ட்ஸின் பெருஞ்சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அப்படி எழுந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். அது நமக்குப் பெருமை. ஆனால் பெண் கேட்டுப் போகும் கூடத்தில், உங்கள் பூர்வீகம் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்கப்படுவதை நான் பன்முறை கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியால் முறிந்துபோன சம்பந்தங்களையும் அறிவேன். கேட்டவர்கள் கெட்டவர்களல்லர், சிவலிங்கத்தைப் போலவே பிள்ளைகளிடம் உயிரை வைத்தவர்கள்.

ஆகையால் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள தமிழ்ச் சங்கத்தாருக்கும் ஆலய நிர்வாகத்தினருக்கும் என் வேண்டுகோள் இது: நட்சத்திர இரவுகளுக்கு ஒதுக்கும் மாலைகளில் ஒன்றை இந்தப் படத்துக்குக் கொடுங்கள், கல்யாண வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டாரை, பிள்ளைகளோடு சேர்த்தே அழைத்து முன்வரிசையில் உட்காரவையுங்கள்.