பெயிண்டர் கடைசியில் வரட்டும்

குழாய் வெடித்த வீட்டுக்காரர்கள் முதலில் பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள், அடுத்து பெயிண்டரை. இந்த இரண்டு பேருக்கும் நடுவே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கென்று ஒரு ஆள் வேண்டும் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. சென்னை அடுக்குமாடி வீடுகளில் ரிப்பேர் வேலை பார்க்கும் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் புதுப் பெயிண்ட் அடித்த சில வாரங்களில் சுவர் உப்பி, தோல் தோலாக உரிந்த பிறகு வருபவை.

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து, விரிந்து, குழாயைப் பிளக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை. 1980களில் கட்டிய ஃபிளாட்டுகளில் சுவருக்குள் புதைத்த ஜிஐ குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடித்து, மரை போட்ட இடத்தில் காகிதமாக மெலிந்திருக்கும். புதிய கட்டடங்களில் சிபிவிசி. குழாய் கெட்டிதான், பித்தளை மரை வைத்த எல்போவில்தான் வம்பு. மாட்டும்போது ஒரு சுற்று அதிகமாக முறுக்கியிருந்தால் அதில் மயிரிழை விரிசல் விழும். அது வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் பிளந்துகொள்ளும், அதுவும் ஊர் உறங்கும் நேரத்தில். யாரும் குழாயைத் திறக்காதபோதுதான் மொட்டைமாடித் தொட்டியின் முழு அழுத்தமும் கீழ்வீட்டின் மேல் நிற்கும். 15 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் தரைத்தளத்தில் ஏறக்குறைய 1.5 பார் அழுத்தம். விரிசலுக்கு அது போதும்.

கேட் வால்வை மூடியதும் எல்லோரும் துடைப்பத்தைத் தேடுவார்கள். நான் எம்சிபி பெட்டியைத் தேடுவேன். சுவருக்குள் ஒயர் போகும் பைப் வழியாகத் தண்ணீரும் போகும். குளியலறையில் உடைந்தது கூடத்து சுவிட்ச் போர்டில் சொட்டும். இஎல்சிபி விழுந்தால் அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்கக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி அதை வைத்திருப்பது ஆளைக் காப்பாற்றத்தான். எலக்ட்ரீஷியன் வந்து நனையாத லைனைப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். ஃபால்ஸ் சீலிங் வயிறு தள்ளித் தொங்கினால் அடியில் பக்கெட்டை வைத்து ஸ்க்ரூ டிரைவரால் ஒரு துளை போட்டுவிடுவேன். ஜிப்சம் பலகை போனால் போகட்டும், மொத்தமாகத் தலையில் விழக் கூடாது.

பிறகு தண்ணீரைத் தண்ணீராகவே வெளியேற்ற வேண்டும். இதில் சோம்பல் கூடவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2,400 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வேண்டும், மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. அதே ஒரு லிட்டரை வெட் வேக்யூம் சில விநாடியில் உறிஞ்சிவிடும். மெத்தை, தரைவிரிப்பு, கட்டிலுக்கடியில் கிடக்கும் பழைய பேப்பர் கட்டு எல்லாம் முதல் நாளே வெளியே போயாக வேண்டும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்தால் பூசணத்தைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. சென்னையின் புழுக்கத்துக்கு இந்தக் கெடு இன்னும் கறாராகப் பொருந்தும்.

தரை துடைத்தாயிற்று, ஃபேனைப் போட்டாயிற்று, இனி தானாகக் காய்ந்துவிடும் என்று வீட்டுக்காரர் நினைப்பார். அங்கேதான் நான் கணக்குச் சொல்ல ஆரம்பிப்பேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். அதில் இருக்கும் காற்று 34 கன மீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்று நிரம்ப நிரம்பக் குடித்தாலும் 1 லிட்டர் தண்ணீர்தான் கொள்ளும். ஈரப்பதம் ஏற்கெனவே 80 சதவீதம் என்றால் மிச்சம் இருக்கும் இடம் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர். இனி சுவரைப் பாருங்கள். பத்தடி நீள, ஒன்பது அங்குலச் சுவரில் கீழ் இரண்டடி மட்டும் நனைந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதியின் எடை சுமார் 800 கிலோ. சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் இழுக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே விட்டுக்கொடுத்திருக்கிறது. நாம் பாதியை எடுத்துக்கொண்டாலும் 80 லிட்டர். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேன் சுற்றினால் அந்த ஒரு டம்ளர் இடம் நிரம்பியதும் அதே ஈரக் காற்றுதான் அறைக்குள் சுற்றிச் சுற்றி வரும்.

ஆகவே சுவரிலிருந்து கிளம்பும் ஈரம் வீட்டை விட்டு வெளியே போக ஒரு வழி வேண்டும். ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா என்பதை நாளும் பொழுதும்தான் முடிவு செய்யும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும் முற்பகல் நேரம் எனக்கு வரம். எல்லா ஜன்னலையும் திறந்து, எதிர்ப்பக்க வாசலில் பெடஸ்டல் ஃபேனை வெளிப்பார்வையாக வைத்து ஈரக் காற்றைத் தள்ளிவிடுவேன். மதியத்துக்கு மேல் கடல்காற்று நுழைந்ததும் மூடிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறக்கவே கூடாது. ஏசி ஓடிய வீட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. சுவர் 23 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். மே மாதத்தில் வெளிக்காற்று 25 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே தண்ணீரைக் கக்கிவிடும். அந்த நேரம் பார்த்து ஜன்னலைத் திறந்தால் சுவர் காய்வதற்குப் பதிலாக வேர்க்கும்.

மூடி வைத்துக் காயவைக்கும் நாட்களில் டீஹியுமிடிஃபையர் வாடகைக்கு எடுப்பது நல்லது. அது காற்றைக் குளிர விடாமல் உலர்த்தும். கிடைக்காவிட்டால் ஏசியை டிரை மோடில் விடலாம். எது ஓடினாலும் அதன் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடிக்கச் சொல்வேன். காலையில் அளந்து, சுவரிலேயே பென்சிலால் தேதி போட்டு எழுதுவேன். எப்படியும் சுரண்டப்போகிற சுவர்தானே. முதலில் பக்கெட் நிறையும், அப்புறம் குறைந்துகொண்டே வரும். வீட்டுக்காரர்கள் ஆரம்பத்தில் சிரிப்பார்கள். பிறகு நான் வராத நாளிலும் அவர்களே அளந்து போனில் சொல்வார்கள்.

இந்த வேலையில் எனக்கு அலுக்காத பகுதி சுவர். அது இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதல் கட்டத்தில் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக உள்தண்ணீர் மேற்பரப்புக்கு இழுபட்டு வந்துகொண்டே இருக்கும். காற்று எடுக்க எடுக்க அடுத்தது வந்து சேரும். ஃபேனுக்கு மரியாதை இந்தக் கட்டத்தில்தான். பிறகு ஒரு நாள் அந்த நீர்த்தொடர்ச்சி உள்ளே அறுந்துவிடும். அதற்குப் பின் ஆவியாக மாறித்தான் வெளியே வர முடியும், அது மிக மெதுவான வேலை. மேற்பரப்பு வெளுத்து, தொட்டால் சுக்காகக் காய்ந்ததுபோல் இருக்கும். இரண்டு அங்குலம் உள்ளே ஓதம் அப்படியே குந்தியிருக்கும். எத்தனை ஃபேன் வைத்தாலும் அதை அவசரப்படுத்த முடியாது. ஈரச் சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு. தோராயக் கணக்குதான், ஆனாலும் பேராசையை அடக்க உதவும்.

எமல்ஷனும் பட்டியும் ஏறிய சுவரை அப்படியே விட்டுக் காயவைப்பது, ரெயின்கோட்டைக் கழற்றாமல் வேர்வை ஆற்றுவதற்குச் சமம். ஈரம் ஏறிய எல்லைக்கு ஓரடி மேல்வரை பட்டியைச் சுரண்டியாக வேண்டும். ஸ்கர்ட்டிங் டைல்ஸைப் பெயர்த்து, அதன் பின்னால் இருக்கும் பூச்சைக் கொத்திவிட்டால் சுவரின் காலடி திறந்துகொள்ளும். அதிகம் தேங்குவது அங்கேதான். சிமெண்ட் பூச்சு தட்டினால் கணீரென்றால் விட்டுவிடலாம், பொத்தென்று கேட்டால் எடுத்துவிட வேண்டும். உள்பூச்சு ஜிப்சமாக இருந்து ஊறிப்போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம். சிலர் ஹீட் கன்னைக் கொண்டுவந்து சுவரைச் சுடுவார்கள். தோல் காயும், பூச்சு வெடிக்கும், உள்ளே ஒன்றும் மாறாது.

காயும்போது வெள்ளையாக உப்புப் பூக்கும். உப்புத் தண்ணீரில் கட்டிய வீடுகளில் அது பஞ்சு பஞ்சாக வரும். நல்ல அறிகுறிதான், தண்ணீர் வெளியே வருகிறது, கரைத்துக் கொண்டுவந்ததை வாசலில் விட்டுப் போகிறது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

குளியலறையில் வெடித்திருந்தால் இன்னொரு கூத்து. பல ஃபிளாட்டுகளில் அதன் தளம் சங்கன் ஸ்லாப், அதாவது பள்ளமாக இறக்கிய கான்கிரீட். அதை செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் அந்த ஜல்லிக்குள் இறங்கித் தேங்கும். குழாயைச் சரிசெய்து வாரக்கணக்கான பிறகும் கீழ்வீட்டு சீலிங்கில் சொட்டும். கீழ்வீட்டுக்காரர் பிளம்பரைத் திட்டுவார், பிளம்பர் சத்தியம் செய்வார், இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். ஓர் ஓரத்தில் டைலைப் பெயர்த்துக் குழி தோண்டி, ஊறிவரும் தண்ணீரை மொண்டுகொண்டே இருப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பார்ட்டிகிள் போர்டு அலமாரி ஊதிவிட்டால் திரும்பாது. தேக்குக் கதவு ஊதினால் இழைக்க வேண்டாம், காய்ந்ததும் அதுவே சுருங்கும். அவசரப்பட்டு இழைத்த கதவில் கோடையில் இடைவெளி தெரியும். சுவரோடு ஒட்டிய வார்ட்ரோபின் முதுகுப்பலகையை மட்டும் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும், பூசணம் முதலில் குடிபுகுவது அங்கே.

காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊசி வைத்த ஈரமானி என்னிடம் உண்டு. ஆனால் அது மரத்துக்கென்று அளவு குறித்த கருவி, செங்கல்லில் அது காட்டும் எண்ணுக்குத் தனி அர்த்தம் இல்லை. உப்பு இருந்தால் கூட்டியும் காட்டும். ஆகவே அதே வீட்டில் நனையாத சுவர் ஒன்றில் குத்தி, அந்த எண்ணோடு ஒப்பிடுவேன். அதைவிட நான் நம்புவது பாலிதீன் தாள். ஒன்றரை அடிச் சதுரத் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரவு முழுவதும் விட வேண்டும். கான்கிரீட் தளத்துக்கான அமெரிக்க ஏஎஸ்டிஎம் சோதனையில் குறைந்தது 16 மணி நேரம் என்று இருக்கிறது. நான் சுவருக்கு ஒரு முழு நாள் கொடுப்பேன். உள்பக்கம் முத்து கோத்தாலோ, அந்த இடத்தில் பூச்சு கறுத்தாலோ இன்னும் காயவில்லை.

"அண்ணே, மேலெல்லாம் காஞ்சிடுச்சு, பட்டி இழுத்துடலாமா?" என்று பெயிண்டர் தம்பி கேட்பான். அவனுக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது, தப்பில்லை. வீட்டம்மாவுக்குத் தை மாதம் வளைகாப்பு. "இந்தச் சுவரை வெச்சுக்கிட்டு எப்படிங்க நாலு பேரைக் கூப்பிடறது?" அவர் கேட்பதிலும் தப்பில்லை. தள்ளிப்போட முடியாத விசேஷத்துக்கு நான் சொல்லும் வழி சுண்ணாம்பு. சுரண்டிய சுவரில் இரண்டு கை சுண்ணாம்பு அடித்தால் பார்க்க வெள்ளையாக இருக்கும், ஓதமும் அதன் வழியே வெளியேறும். எமல்ஷனைப் பங்குனி, சித்திரை வெயில் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஸ்கர்ட்டிங்கும் அப்போதுதான். சுண்ணாம்பு என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். அப்படியானால் பீரோவை நகர்த்தி அந்த இடத்தை மறைத்துக்கொள்கிறோம் என்பார்கள். பீரோ வரட்டும், ஆனால் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி.