தள்ளுகூலி

எங்கள் பக்கத்தில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் மெக்கானிக்கைத் தேட மாட்டார்கள். தள்ள ஆள் தேடுவார்கள். வாசுதேவநல்லூரில் அந்த ஆளை எந்தத் தெருவில் தேடுவார்கள் என்பதை இதைப் படிக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளில் பண்ணை வீடுகளில் நின்றதெல்லாம் அம்பாசிடர்தான். "எலே, நாலு பேரு வாங்கலே"ன்னு தெருமுனையில் சத்தம் கேக்கும். எங்க அய்யா துண்டை இடுப்பில் இறுக்கிக்கிட்டுப் போவாரு. தோளில் துண்டு கிடக்கக்கூடாத காலம். வண்டிக்குள்ள இருக்கிறவர் சாவியைத் திருகி, செகண்ட் கியர் போட்டு, கிளச்சை மிதிச்சுக்கிட்டிருப்பார். வண்டி உருண்டு வேகம் பிடித்ததும் காலை எடுப்பார். ஸ்டார்ட்டர் மோட்டார் செய்ய வேண்டிய வேலையை எட்டுக் கால்கள் செய்யும். எஞ்சின் பிடிச்சதும் நிக்காமப் போயிருவாக. நின்னா அணைஞ்சிரும்லான்னு காரணம் வேற. கூலி கிடையாது. தள்ளுறதெல்லாம் ஒரு வேலையா?

எட்டாம் வகுப்போட நின்னு கடையநல்லூரில் ஒரு பாய் பட்டறையில் சேர்ந்தேன். பாய் சொன்ன முதல் பாடம் இது: ஓடாத எஞ்சினுக்கு ரெண்டே வழக்கு. கரண்டு வரல, இல்ல பெட்ரோல் வரல. ரெண்டையும் போட்டுக் குழப்பாத. ஒண்ண விசாரிச்சு முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போ.

செல்ஃப் அடிச்சதும் 'டக்'குன்னு நின்னுட்டா பேட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்கணும். எஞ்சின் சுத்துது, ஆனா பிடிக்கலைன்னா கரண்டை விசாரிக்கணும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குப் போற தடிச்ச ஒயரைப் பிடுங்கி, முனையை எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடிச்சு, மறுபடி அடிக்கச் சொல்லணும். பொறி நீலமாச் சொடுக்கினா காயில், பாயிண்டு, கண்டன்சர் மூணும் நிரபராதி. பொறியே இல்லேன்னா மூடியைக் கழற்றினால் பாயிண்டு கருகிக் கிடக்கும். உப்புத்தாளால் தேய்த்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைக்கணும். மூடி, ரோட்டார், பிளக் எல்லாம் பார்த்து முடிச்ச பிறகுதான் ஏசி பம்பு, கார்புரேட்டர் பக்கமே போகணும்.

இந்த ரோட்டுக்குன்னு ரெண்டு நோவு உண்டு. குற்றாலச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் நனைகிற வண்டிக்கு மூடிக்குள்ள ஈரம் பூத்துரும். கரண்டு பிளக்குக்குப் போகாம ஈரத்து வழியா ஒழுகிரும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். சித்திரை வெயிலிலோ பம்பு சூடேறி, பெட்ரோல் ஆவியாகி அடைச்சுக்கிடும். பம்பு மேல ஈரத்துணி போட்டுச் சித்த நேரம் பொறுத்தால் சரியாயிரும். துணி வைத்தியத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கு லாபமில்லை, அவர் சொல்லித்தர மாட்டார்.

ஒரு ஐப்பசியில் ராத்திரி முழுக்க நனைஞ்சு நின்ன பண்ணை வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகலை. அய்யாவோட நானும் போனேன். மத்தவங்க பின்னால கை வச்சாச்சு. நான் முன்னால போய் பானட்டைத் தூக்கினேன்.

"ஏல, யாரக் கேட்டுத் தொடுத?"

"பட்டறையில வேல படிக்கான் சாமி"ன்னாரு அய்யா. குரல் நடுங்குச்சு.

அவர் இடுப்புத் துண்டைக் கேட்டு வாங்கி, மூடியின் உள்பக்கத்தையும் ரோட்டாரையும் துடைச்சு மாட்டினேன். ஒரே செல்ஃப்தான், பிடிச்சுக்கிட்டது.

"அஞ்சு ரூவா குடுங்க"ன்னேன்.

"தள்ளுறதுக்குத் துட்டா கேக்க?"

"தள்ளலையே மொதலாளி."

கையில தரல. பானட் மேல வச்சாரு. எடுத்துக்கிட்டேன். திரும்பி வரும்போது "துண்டைக் கெடுத்துட்டியே"ன்னு மட்டும் அய்யா சொன்னாரு. கறையை எடுக்கணும்னு அவருக்குக் கடைசிவரை தோணல.

எஞ்சினில் கோளாறே இல்லாத வண்டிக்கும் எங்க பக்கத்தில் தடங்கல் வந்திருக்கு. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. கட்டபொம்மன் படையில் நின்னு போராடியவர். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம்னு ஆதிக்க சாதியார் கிளம்பினாங்க. கலவரம், சாவு. அந்த வருசம் ஜூலையில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. அதுவரை எத்தனையோ தலைவர்கள் பெயரில் பஸ் ஓடிக்கிட்டுத்தான் இருந்தது. எங்க ஆள் பெயர் வந்த பிறகுதான் யாருக்குமே பெயர் வேண்டாம்னு ஆச்சு. இந்தப் பழுதை எந்த ஒயரைப் பிடுங்கிப் பார்க்கிறது?

அம்பாசிடர் தயாரிப்பு 2014இல் நின்றுபோச்சு. இப்ப என் ஷெட்டுக்கு வருகிற வண்டிகளில் பாயிண்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. ஸ்கேனரை மாட்டினால் 'பி 0335' என்று எழுதிக் காட்டும். கிராங்க் சென்சார் பக்கம் பாரு என்று அர்த்தம். சென்சாரே செத்துச்சா, எலி ஒயரைக் கடிச்சுதா என்பதை நாமதான் குனிஞ்சு பார்க்கணும். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளிப் பிரயோஜனம் இல்லை. நாலு பேரு வாங்கலேன்னு கூப்பிடவும் வழியில்லை.

வேலை முடிஞ்சு ஓட்டிப் பார்க்க நான் ஏறுறதுக்கு முன்னால சிலபேர் சீட்டில் பேப்பர் விரிக்கிறாங்க. கிரீசுக்காக எல்லாப் பட்டறையிலும் விரிக்கிறதுதான். விரிக்கிறவர் முகத்தை ஒருதரம் பார்த்துக்கிட்டுத்தான் ஏறுறேன்.