மூச்சை விடுங்க தம்பி!

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே புது மண்டபம். 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. இன்னமும் பேரு 'புது'தான்! நாற்பத்தாறு வயசுக்காரனுக்கு இதைவிட ஆறுதலான கட்டடம் ஊரில் கிடையாது.

ஒரு காலத்தில் இங்கே சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் கடகடக்கும். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில். நம்ம டெய்லர் அண்ணாச்சியும் அங்கேதான்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அண்ணன் இல்லை. வாசலில் நின்று வரவேற்க வேண்டியது சித்தப்பா நான்.

டேப் வயிற்றைச் சுற்றியதும் அனிச்சையாக உள்ளே இழுத்தேன்.

"மூச்சை விடுங்க தம்பி! முகூர்த்தம் முடியற வரைக்கும் இப்படியேவா நிப்பீங்க?"

விட்டேன். டேப்பும் நாலு விரல்கடை நகர்ந்தது.

அண்ணாச்சி கணக்கு எளிது. தோள் தையல் தோள் எலும்பிலேயே உட்காரணும். வயிற்றில் தாராளமாக விடணும். இறுக்கிப் பிடித்தால் பட்டனுக்குப் பட்டன் துணி வாயைப் பிளக்கும், பனியன் எட்டிப் பார்க்கும். பளபளா பட்டுச் சட்டை வேண்டாம், வெளிச்சம் பட்டால் தொப்பைதான் முதலில் மின்னும். மங்கலான சந்தன நிறக் காட்டன் போதும். கீழே எட்டு முழ வேட்டி. அதற்கு இடுப்பு சைஸ் என்று ஒன்று உண்டா என்ன? (இளவட்டங்களே, சிரிக்காதீங்க. உங்க டேப்பும் நகரும்!)

"பாக்கெட் ரெண்டா வச்சிரவா? மொய்க் கவர் வைக்க ஆகும்னு உங்கண்ணன் கேப்பாரு."

"வைங்க அண்ணாச்சி."