சிக்காகோவின் பழைய பின்போல் மேசைகள்

சிக்காகோ என்றதும் வானளாவும் கட்டிடங்களும் மிச்சிகன் வாவியும்தான் நம் நினைவுக்கு வரும். பின்போல் விளையாட்டு மேசைகள் தயாரிக்கும் தொழில் வேரூன்றியதும் இந்த நகரத்தில்தான். கண்ணாடி மூடிய சாய்வான மேசையில் உருக்குக் குண்டு ஓடிவரும். அது கீழே விழாதபடி இரு சிறு துடுப்புகளால் தட்டிவிட வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான்.

கொட்லீப் நிறுவனம் 1931இல் இங்கு விற்ற சிறிய மேசையின் விலை 17.50 டொலர். அப்போது துடுப்புகள் இல்லை. எல்லாம் அதிர்ஷ்டமாக இருந்ததால் சூதாட்டம் என்று கருதி, நியூயோர்க் நகரம் 1942இல் இதைத் தடைசெய்தது. துடுப்புகள் வந்தது 1947இல். 1976இல் ரொஜர் ஷார்ப் என்பவர் அந்நகர சபையினர் முன் ஆடி, இது கைத்திறன் என்று காட்டிய பின்பே தடை நீங்கியது.

சிக்காகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் 1999இல் இத்தொழிலைக் கைவிட்டது. ஸ்டேர்ன் நிறுவனம் நகரின் புறத்தே இன்றும் புதியவற்றைச் செய்கிறது; ஆனால் விலை பல ஆயிரம் டொலர். ஆகவே பழைய மேசையைத் தேடுவோர் அதிகம்.

வாங்கப் போகிறவர் முதலில் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, ஆடுபலகையின் வர்ணத்தைப் பார்க்க வேண்டும். அது மரம்வரை தேய்ந்திருந்தால் சீர்செய்வது பெரும் வேலை. விலையைக் குறைத்தே கேட்கலாம். அடுத்து, பின்பெட்டியைத் திறந்து பற்றரி கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிவு மின்பலகையை அரித்துவிடும். பிறகு ஓர் ஆட்டம் முழுவதும் ஆடிப் பார்ப்பது நல்லது.

அழுக்கு, எரிந்த மின்குமிழ், வெடித்த றப்பர் வளையம் ஆகியவற்றைக் கண்டு பயப்படத் தேவையில்லை. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, பலகையைத் துடைத்து, வளையங்களைப் புதிதாக மாட்டினாலே குண்டு துள்ளி ஓடும். துடுப்பு சோர்ந்திருந்தால், பெரும்பாலும் அதன் தேய்ந்த சிறு பாகங்களை மாற்றுவது போதும். நல்ல நிலையிலுள்ள மேசையின் விலையிலிருந்து திருத்தச் செலவையும் ஏற்றுகூலியையும் கழித்தால் வருவதே நியாயமான விலை. ஏற்றுகூலியை மறக்கக் கூடாது. மேசையின் எடை 110 கிலோவுக்கும் மேல் இருக்கும்!

பழைய தையல் இயந்திரம் வாங்கும் நம் சகோதரிகளுக்கும் இக்கணக்கு உதவும். பட்டியும் ஊசியும் கடையில் கிடைக்கும். வெடித்த இரும்புத் தலையை என்ன செய்வது? மாற்ற முடியாததை முதலில் பார்த்துவிட்டு, பிறகு விலை பேசுங்கள்.